ஞானப்பூ வெட்டு

அன்று காலை உடலியங்கியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ஆட்டுத் தலைகளுக்குள் முப்பது ஆண்டுகளாக ஒரே பொருளைத் தேடிக்கொண்டிருந்த டாக்டர் ஞானப்பூ தேவநேசம், அவரிடம் மாணவியாக வந்து சேர்ந்து, காலப்போக்கில் அவருக்குச் சமமான நாற்காலியில் அமர்ந்துவிட்ட டாக்டர் செண்பகவல்லி, கழுவிய குடுவைகளைத் துணிமேல் கவிழ்த்துக்கொண்டிருந்த ஆய்வக உதவியாளர் மாசானம், இறைச்சிக் கூடத்திலிருந்து ஆட்டு மூளைகளை ஐஸ் கட்டி வைத்த தூக்குச்சட்டியோடு வந்து கையெழுத்துக்காகக் காத்து நின்ற சபூரா பீவி, மின்விசிறி ஓடவில்லை என்ற புகாரை நேரில் பார்க்க வந்த எங்கள் மருத்துவக் கல்லூரி முதல்வர் சிவசைலம், மருந்தியல் துறையிலிருந்து ஒரு தராசை இரவல் கேட்க வந்த நான். பின்வாசலில் பூனைகளும் இருந்தன. அவற்றை அன்று எவரும் கணக்கில் சேர்க்கவில்லை, நான் சேர்க்கிறேன்.

செண்பகவல்லி மிகவும் குள்ளமானவர். அதை அவர் ஒரு குறையாக எண்ணியதில்லை. அலமாரியின் மேல்தட்டை எட்டுவதற்காக மாசானம் அடித்துக்கொடுத்த வேப்பமரத்து முக்காலி ஒன்று ஆய்வுக்கூடம் முழுவதும் அவர் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு வரும், அவ்வளவுதான். அன்று அவர் முக்காலியைத் தொடாமல், சபூரா பீவியிடம் பேசிக்கொண்டிருந்த பேச்சையும் நிறுத்தாமல், கையை உயர்த்தி மேல்தட்டிலிருந்து அசிட்டோன் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்தபோது அவர் உடம்பிலிருந்து ஓர் ஓசை எழுந்தது: முற்றிய மூங்கில் உச்சிவெயிலில் கணுவுக்குக் கணு நெகிழும்போது எழுமே, அந்த ஓசை.

"முக்காலி எங்கட்டி?" என்றார் ஞானப்பூ.

"வேண்டாம்க்கா. எட்டுது."

"நேத்து எட்டலியே."

"நேத்து எட்டல. இன்னைக்கு எட்டுது."

சபூரா பீவி செண்பகவல்லியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா வளந்திருக்காக. நீங்க கையெழுத்தப் போடுங்க, ஐஸ் கரையுது" என்றார். முதல்வர் மின்விசிறியைப் பார்த்தார். மாசானம் அடுத்த குடுவையை எடுத்தார். நான் தராசைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்ட அந்த அறையில், கையெழுத்துப் போட எடுத்த பேனாவோடு ஞானப்பூ மட்டும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

அவர் நின்றதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் அந்தச் சுரப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூளைக்கு அடியில், எலும்பில் குடைந்த ஒரு சிறு குழிக்குள், பட்டாணி அளவில் ஒரு மெல்லிய காம்பில் தொங்கிக்கொண்டிருப்பது பிட்யூட்டரி. பால் சுரக்க வேண்டுமென்றாலும் எலும்பு நீள வேண்டுமென்றாலும் உடம்புக்கு ஆணை அதனிடமிருந்தே செல்கிறது. ஆனால் அதுவும் சுதந்திரமானதன்று, தனக்கு மேலே இருக்கும் மூளைப்பகுதி காம்பின் வழியாக அனுப்பும் ஆணைகளுக்குக் கட்டுப்பட்டது. வளர்ச்சி ஹார்மோனைத் திறந்துவிடும் ஆணை ஒன்று. அதை நிறுத்தும் ஆணை மற்றொன்று. திறந்துவிடும் ஆணை செண்பகவல்லியின் ஆராய்ச்சி. நிறுத்தும் ஆணை, எங்கள் ஊர் வழக்கில் 'பிரேக்', ஞானப்பூவின் ஆராய்ச்சி. பிரேக் என்பது எந்தப் பொருளால் ஆனது, எங்கே தங்கியிருக்கிறது என்பதை உலகத்தில் ஒருவரும் அதுவரை சொல்லியிருக்கவில்லை. அதைச் சொல்லும் முதல் வாய் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஞானப்பூ மணம் செய்துகொள்ளவில்லை, வேறு ஊருக்கு மாற்றம் கேட்கவில்லை, கிறிஸ்துமஸ் அன்றுகூட ஆராதனை முடிந்த கையோடு ஆய்வுக்கூடத்துக்கு வரத் தவறியதில்லை.

அவருடைய கை நுட்பம் எங்கள் கல்லூரிக்கு வெளியிலும் பெயர் பெற்றது. ஆட்டு மூளையின் அடிப்பகுதியை வெட்டி எடுக்கும்போது, காம்பையும் காம்பின் வேரைச் சூழ்ந்து இரத்தம் தோய்ந்து கறுத்துக் கிடக்கும் திசுவையும் ஒரே வீச்சில் சீவித் தள்ளிவிடுவார். மிஞ்சுவது உரித்த முந்திரிப் பருப்பைப் போலப் பளீரென்று வெளுத்திருக்கும். அதற்கு 'ஞானப்பூ வெட்டு' என்றே பெயர். அசுத்தமான திசுவிலிருந்து சுத்தமான உண்மை வராது என்பது அவர் மாணவர்களுக்குக் கற்பித்த முதல் பாடம். சீவிய கறுப்புத் துணுக்குகள் ஒரு வெள்ளைப் பீங்கான் பேசினில் சேரும். மாசானம் அதைப் பின்வாசலில் கொண்டுபோய்ப் பூனைகளுக்குக் கொட்டுவார்.

அந்தப் பூனைகள் வளர்வதில்லை. அவை பிறந்தன, குட்டி ஈன்றன, மீசை நரைத்தன, வெயிலில் படுத்தபடியே செத்தன. ஆனால் எதுவும் உள்ளங்கையை மீறவில்லை. அது கல்லூரி மண்ணின் குணம் என்று ஊர் முடிவு செய்திருந்தது. அழகுக்காக வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள், கொஞ்ச காலத்தில் பூனை பெரிதாகிவிட்டதே என்று கோபித்துக்கொண்டு, ஏமாற்றப்பட்டவர்களின் முகத்தோடு மாசானத்திடம் திருப்பிக் கொண்டுவந்து விட்டுப்போனார்கள்.

மறுநாளும் செண்பகவல்லி வளர்ந்தார். அதற்கு அடுத்த நாளும். கையும் தாடையும் மட்டும் பருத்துப்போகும் நோய் ஒன்று உண்டு, இது அதுவன்று. பருவத்தோடு மூடிக்கொண்ட எலும்புகள் மறுபடியும் திறந்து, ஒரு குழந்தை வளர்வதைப் போல அளவு பிசகாமல், அங்கத்துக்கு அங்கம் பொருந்தி வளர்ந்தார். காரணம் பற்றி ஊரில் பல பேச்சு இருந்தது; ஒன்றுகூட எழுதத் தகுதியானதன்று. ஞானப்பூவின் தோளைத் தாண்டினார். நெற்றியைத் தாண்டினார். எங்கள் ஊரிலேயே உயரமான பெண் என்ற சிறப்பு, தலைமையாசிரியர் தேவநேசத்தின் மகள் ஞானப்பூ பதினைந்து வயதிலிருந்து சுமந்து வந்த சிறப்பு, ஒரு திங்கட்கிழமை காலையில் எந்த அறிவிப்பும் இல்லாமல் கைமாறியது.

"முப்பது வருஷமா நான் ஆட்டுத் தலையில தேடுதேன்," என்றார் ஞானப்பூ, தராசைத் திருப்பிக் கொடுக்கப் போன என்னிடம். "அவளுக்கு அவ தலைக்குள்ளயே தொறந்துகிட்டு. ஆராய்ச்சியும் அவதான், ஆராய்ச்சிப் பொருளும் அவதான். எனக்கு என்ன மிச்சம்?"

"வருத்தமா இருக்கா?" என்றேன்.

"வருத்தம் இல்ல. பொறாமை. ரெண்டும் வேற வேற. படிச்சவங்க சரியான சொல்ல உபயோகிக்கணும்."

நான் அவரை மதித்ததற்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

ஊர் செண்பகவல்லியின் வளர்ச்சிக்கு இடம் கொடுத்தது, ஒரு புதுப் பேருந்து வழித்தடத்துக்கு இடம் கொடுப்பதைப் போல. மின்வாரியத்தில் கம்பி மேற்பார்வையாளராக இருந்த அவர் கணவர் ஆவுடையப்பன், வீட்டிலிருந்து கல்லூரிவரை உள்ள தெருக்களில் கம்பிகளை உயர்த்திக் கட்டினார். வீரவநல்லூர்த் தறிகளில் அவருக்கென்று அகலம் கூட்டி நெய்த புடவைகள், காயப்போட மாடி போதாமல் ஆற்று மணலில் விரிக்கப்பட்டன. பிள்ளையார் கோயில் குருக்கள் திருநீற்றை நீளக் கரண்டியில் வைத்து மேலே நீட்டினார். செண்பகவல்லி தெருவில் நடந்து வரும்போது முருங்கை மரத்துக்காரர்கள் வாசலுக்கு வந்து, உச்சிக் கொப்பில் முற்றிப்போகும் காய்களைப் பறித்துத் தரும்படி வேண்டிக்கொண்டார்கள், அவரும் நடை தளராமல் பறித்துப் போட்டுக்கொண்டே போனார். உயரம் போதாத பிள்ளைகளை அழைத்து வந்து அவர் முழங்காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்ன தாய்மார்களை அவர் திட்டி அனுப்பினார், அவர்கள் திட்டையும் பிரசாதமாகவே வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு வாரப் பத்திரிகை அவர் படத்தை அட்டையில் குறுக்கே அச்சிட்டது, நெடுக்கே அச்சிட்டால் முகம் தெரியாது என்பதால்.

"முன்னல்லாம் என் தோள்ல சாஞ்சு பேசுவா," என்றார் ஆவுடையப்பன். "இப்ப நான் மாடிப்படி ஏறி நின்னு பேசுதேன். சண்டைன்னா மட்டும் கீழ இறங்கிருவேன். அவ சொல்றது காதுல விழாது."

ஆனால் இதயம் அந்த வேகத்தில் வளரவில்லை. குனிந்து நிமிர்ந்தால் செண்பகவல்லிக்குக் கண் இருண்டது. இரத்தம் அவ்வளவு உயரம் ஏறாமல் பாதி வழியில் களைத்தது. உதடுகளில் நாவல்பழ நிறம் படிந்தது. இதயச் சிகிச்சைத் துறையினர் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு முழம் வளர்ந்தால் பிழைக்க மாட்டார் என்றார்கள். முதல்வர் சிவசைலம் ஞானப்பூவின் அறைக்கு நேரில் போனார்.

"மேடம், உங்க பிரேக்கு..."

"சாறு இருக்கு. வீரியம் குறைவு. ஆனா இருக்கு."

"குடுத்துப் பாப்போமா?"

"குடுப்பேன். நானே குடுப்பேன். வேற யாரும் தொடக்கூடாது."

ஞானப்பூ வெட்டில் எடுத்த வெள்ளைத் திசுவிலிருந்து வடித்த சாற்றை ஞானப்பூவே நாள்தோறும் காலையில் செண்பகவல்லியின் புஜத்தில் ஏற்றினார். ஏற்றிவிட்டு உடனே எழுந்துவிடாமல், பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, பேசாமல், அந்தப் பெரிய முகத்தையும் தலைமாட்டில் அடுக்கியிருந்த பத்திரிகைகளையும் மாலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூங்கில் ஓசை நின்றது. வளர்ச்சி நின்றது. கல்லூரி கொண்டாடியது. முப்பது ஆண்டுத் தேடல் முடிந்தது என்று முதல்வர் மேடையில் சொன்னார்.

வேறொருவராக இருந்திருந்தால் அந்த மேடையோடு இந்தக் கதை முடிந்திருக்கும். ஞானப்பூ மேடையிலிருந்து இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார். "நாளைக்கு ஊசிய நீ போடு. என் சாறு, என் அளவு, உன் கை" என்றார். போட்டேன். செண்பகவல்லி அன்று வளர்ந்தார். அதற்கு மறுநாள் ஞானப்பூ வெறும் உப்புநீரை நிரப்பிக்கொண்டு போய் ஏற்றினார். வளரவில்லை. பிறகு ஊசியே இல்லாமல் வெறுமனே போய் உட்கார்ந்தார். அப்போதும் வளரவில்லை. மேடையில் கைதட்டு வாங்கிய மாலை அவர் எப்படிப் பக்கத்தில் அமர்ந்திருந்தார், ஓசை எப்படி மறுபடியும் மெல்லத் தொடங்கியது என்பதையும், வாரப் பத்திரிகை வெளிவந்த காலையில் அது எப்படி அடியோடு நின்றிருந்தது என்பதையும் அவர் தம் நினைவிலிருந்து எடுத்து ஒன்றோடொன்று பொருத்தினார். பொருத்திய முடிவைத் துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார்.

"அடக்கும் காரணி நான் வடித்த சாற்றில் இல்லை. என்னிடம் இருக்கிறது. டாக்டர் செண்பகவல்லியின் மேல் எனக்குள்ள பொறாமையே அந்தக் காரணி. நான் அருகில் அமர்ந்திருக்கும்போது பொறாமை கூடினால் வளர்ச்சி நிற்கிறது, குறைந்தால் தொடர்கிறது. என் சாறு பயனற்றது."

எவரும் சிரிக்கவில்லை. முதல்வர் மட்டும், "நிச்சயந்தானா மேடம்?" என்றார்.

"மூணு தடவ சரிபார்த்தேன். மூணு தடவையும் பொய்யாப் போகணும்னுதான் ஜெபம் பண்ணேன்."

தம் வாழ்நாள் உழைப்பு பயனற்றது என்பதைப் பலர் முன்னிலையில் தாமே நிரூபித்துக் காட்டிய ஒருவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. அவர் உட்காரும்போது நாற்காலி நகர்ந்தது. அதைப் பிடித்துக் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாசானம் அன்று மாலை இதைத் தன் மனைவியிடம் சொன்னார். ஆகவே மறுநாள் விடிந்தபோது ஊருக்குத் தெரிந்திருந்தது. ஊர் இதற்கும் இடம் கொடுத்தது. செண்பகவல்லி சாகக் கூடாது; சாகாமல் இருக்க வேண்டுமானால் ஞானப்பூ பொறாமைப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; எனவே ஞானப்பூவைப் பொறாமையில் வைத்திருப்பது, குடிநீர்த் தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது போன்றதொரு பொதுக் கடமையாயிற்று. காய்கறிக்காரி வேலம்மாள் அவர் கண்ணெதிரிலேயே நல்ல கத்திரிக்காய்களைத் தனியே எடுத்து வைத்து, "இது செண்பகம் டாக்டருக்கு. உங்களுக்குச் சொத்தைதான் இருக்கு" என்றாள். தேவாலயத்தில் அவர் தந்தையார் காலத்திலிருந்து அமர்ந்து வந்த முன்வரிசை இடத்தை மறுத்து, தூணுக்குப் பின்னால் அமர்த்தினார்கள். மாணவர்கள் அவர் வகுப்பில் கொட்டாவி விட்டார்கள். விடத் தெரியாதவர்கள் வீட்டில் பழகிக்கொண்டு வந்து விட்டார்கள். பேருந்து நடத்துநர், "செண்பகம் டாக்டர் ஏறுன பஸ்ஸு இது, ஒதுங்கி நில்லுங்க" என்றார். சபூரா பீவிகூடத் தூக்குச்சட்டியை நீட்டிக்கொண்டே, "உங்க கையெழுத்தவிட அவுக கையெழுத்து எம்புட்டு அழகு" என்றார். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே முந்தானையால் பொத்திக்கொண்டார்.

ஞானப்பூ அத்தனையையும் மருந்தாக எடுத்துக்கொண்டார். காலையில் ஊரின் அவமதிப்பைச் சேகரித்துக்கொண்டு செண்பகவல்லியிடம் போய் அமர்வார். முதலில் அது வேலை செய்தது. பிறகு, ஒருநாள், அவர் பக்கத்தில் இருக்கும்போதே மூங்கில் ஓசை எழுந்தது.

அவர்தான் முதலில் கேட்டார். அவர்தான் என்னிடம் வந்து சொன்னார்.

"ஏன்னு தெரியுமா? வேலம்மா சொத்தக் கத்திரிக்காயாப் பொறுக்கித்தான் போட்டா. வீட்டுல வந்து பையக் கொட்டுனா அடியில ஒரு கொத்து கறிவேப்பில, ரெண்டு எலுமிச்சம்பழம். தூணுக்குப் பின்னால உக்காத்தி வச்சாங்க. அங்க போயிப் பாத்தா என் பழைய மெத்தைய யாரோ துவைச்சுப் போட்டு வச்சிருக்காங்க. பஸ்ஸுல ஒதுக்குனவன் நான் இறங்கி ஓரமா நிக்குற வரைக்கும் விசில் குடுக்கல. பிள்ளைங்க கொட்டாவி விடும்போது கண்ணு கலங்குது." அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஊரு என்ன இப்படிக் கவனிச்சதே இல்ல. நான் சந்தோஷமா இருக்கேன். அந்தப் பாவி மக செத்துருவா."

அடக்குபவரைப் போற்றப் போற்ற அடக்கும் திறன் குறைந்தது. அது குறையக் குறைய ஊர் பதறி, இன்னும் கூடுதலான அன்போடு அவமதித்தது. அந்த அன்பு அவரை இன்னும் நிறைத்தது. ஒன்று ஏற மற்றொன்று இறங்கும் இந்தச் சுற்றைத்தான் நாங்கள் வகுப்பறையில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, ஆண்டுதோறும் கற்பித்துக்கொண்டிருந்தோம். கரும்பலகையில் அது அழகாகவே இருக்கும்.

செண்பகவல்லியை எந்த அறையும் கொள்ளாமல் போனபோது, மிஷன் காலத்தில் கட்டிய தேர்வுக்கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே கூரை உயரம். சுவரின் உச்சியில் காற்றுக்காக வைத்த சிறு ஜன்னல்கள் வரிசையாக உண்டு. நீளத்துக்கு நீளம் மெத்தைகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தார்கள். எழுந்து உட்கார்ந்தால் அவர் கண்கள் அந்த ஜன்னல்களுக்கு நேராக வந்தன. கட்டப்பட்ட நாளிலிருந்து அவற்றின் வழியாக வெளியே பார்த்த முதல் மனிதர் அவர்தான். நாள் முழுவதும் அவர் அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "சும்மாத்தான்" என்பார். கேட்டது ஞானப்பூவாக இருந்தால் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இதயத் துறையினர் சொன்ன அந்த ஒரு முழம் முடியப்போகிறது என்ற நாளில், முதல் நாளில் இருந்தவர்கள் எல்லோரும் தேர்வுக்கூடத்தில் இருந்தோம். முதல்வர் சிவசைலம் சுவரோரம் நின்றார். சபூரா பீவி காலைத் தூக்குச்சட்டியை ஒப்படைத்த பிறகும் வீட்டுக்குப் போகவில்லை. பூனைகளுக்குக் கொட்டப் புறப்பட்ட மாசானம், செய்தி கேட்டு, கொட்டாத பேசினைக் கையில் ஏந்தியபடியே ஓடி வந்திருந்தார். ஆவுடையப்பன் மனைவியின் சுண்டுவிரலை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு தரையில் அமர்ந்திருந்தார். ஓசை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஞானப்பூ நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு பரிசோதனையை நடத்தும் குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் கட்டுரைய வெளிநாட்டுல எடுத்துக்கிட்டாங்களே, அதச் சொல்லு. என் கட்டுரைய அதே ஆளுங்கதான் திருப்பி அனுப்புனாங்க."

"சொல்லியாச்சுக்கா. பத்துத் தடவ சொல்லியாச்சு."

"திரும்பச் சொல்லு. உன் வீட்டுக்காரரப் பத்திச் சொல்லு. மத்தியானம் டிபன் கேரியர் தூக்கிட்டு வருவாரே."

"அந்த டிபன் கேரியர்ல பாதி உங்களுக்குத்தானக்கா வரும்."

"அதச் சொல்லாதட்டி! அதச் சொன்னா எப்படி?" ஞானப்பூ நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்கு. உன்னப் பாத்தா எனக்கு ஒண்ணுமே வரமாட்டேங்கு."

மூங்கில் ஓசை வேகமெடுத்தது. செண்பகவல்லியின் உதடுகள் முற்றிலும் கறுத்திருந்தன. ஆவுடையப்பன் அழுதார், அவரைப் பார்த்து முதல்வரும்.

"அக்கா," என்றார் செண்பகவல்லி. அந்தப் பெரிய நெஞ்சிலிருந்து வந்த குரல் மிகவும் சிறுத்திருந்தது. "ஒண்ணு சொல்லணும். சொல்லாமலே போயிரலாம்னு இருந்தேன். இங்க வந்து படுத்த முதல் நாளே தெரிஞ்சு போச்சு. உங்ககிட்டச் சொல்ல எனக்கு மனசு வரல."

"என்னது?"

"இந்த ஜன்னல் வழியா நம்ம பின்வாசல் தெரியுதுக்கா. மேல இருந்து பாத்தாத்தான் முழுசாத் தெரியுது. மாசானம் பேசினக் கொட்டுதாரு. பூனைங்க வந்து திங்குது. வளர மாட்டேங்குது. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா வளருது. திருப்பிக் கொண்டாந்து விட்டா, அதோட குட்டி வளர மாட்டேங்குது."

ஞானப்பூவின் கைகள் மடியில் இருந்தன. வலது கை மட்டும், தானறியாமல், ஒரு சிறு வெட்டு வெட்டியது.

"காம்புலதான் இருக்குக்கா," என்றார் செண்பகவல்லி. "காம்போட வேர்ல. அந்தக் கறுப்புல. உங்க வெட்டு ரொம்பச் சுத்தம். அதான் உங்களுக்குக் கிடைக்கல. முப்பது வருஷமா தினமும் காலைல கண்டுபிடிச்சிருக்கீங்க. கண்டுபிடிச்சு, பூனைக்குப் போட்டிருக்கீங்க." மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடியும் தொடங்கினார். "இத உங்க பேர்ல எழுதச் சொல்லமாட்டேன். நான் பாத்தது. என் பேர்லதான் வரணும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் ஞானப்பூவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த முகத்தை நானும் பார்த்தேன். விடை சரியென்று அவருக்குப் புரிய ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவு எளிய விடை, அவ்வளவு அழகிய விடை, தம்முடைய மேசையில் தம்முடைய கத்தியின் கீழே கிடந்த விடை, தமக்குச் சொந்தமில்லாத விடை. கழுத்திலிருந்து ஏறிய இரத்தம் காதுவரை போய் நின்றது. கறிவேப்பிலைக் கொத்து, எலுமிச்சம்பழம், துவைத்த மெத்தை, காத்து நின்ற பேருந்து, ஊர் கொடுத்த அத்தனையும் அந்த முகத்திலிருந்து வடிந்துபோனதை நான் கண்டேன். மிஞ்சியது அந்த முதல் நாள் காலையில், பேனாவைப் பிடித்தபடி நின்ற முகம். அதைவிடப் பல மடங்கு.

ஓசை நின்றது.

எங்களில் எவரும் அதை உடனே உணரவில்லை. அந்த ஓசைக்கு ஞானப்பூவின் செவியைவிடப் பழகிய செவி வேறில்லை. அவர் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். நின்றுவிட்டது என்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு எழுந்தார். புடவை மடிப்பைச் சரிசெய்தார். மாசானத்தின் அருகே சென்று, அவர் கையிலிருந்த பேசினை வாங்கி, அதன் அடியில் கிடந்த கறுப்புத் துணுக்குகளைக் குனிந்து பார்த்தார். "அக்கா" என்று செண்பகவல்லி அழைத்தார். ஞானப்பூ திரும்பவில்லை. பேசினை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஆய்வுக்கூடத்தின் பக்கம் திறக்கும் பின்வாசல் வழியாக, காலில் வந்து உரசிய பூனைகளைத் தாண்டி வெளியே நடந்தார்.